அரசியல் நேர்காணல் கேட்டு ஆங்கிலச் சொல் சேர்ப்பது: எதை எடுப்பது, எதை விடுவது? (விவாத இழை)

புதுவரவு:
ஆங்கிலச் செய்தி வாசிப்பு ஓரளவு பிடிபடுகிறது. அரசியல்வாதியை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் நேர்காணல் வந்தால்தான் தடுமாற்றம். பத்து நிமிட நேர்காணலில் அறுபது எழுபது சொற்களைக் குறித்து, அகராதி பார்த்து, எதிரே தமிழ்ப் பொருள் எழுதினாலும் ஒரு வாரத்தில் பாதி காணாமல் போகிறது. எத்தனை சொல் எடுக்கலாம், எந்த வரிசையில் வேலை செய்வது? "நிறையக் கேளுங்க, தானா வரும்" என்ற பதில் வேண்டாம், ப்ளீஸ்.

அகராதிப்பூச்சி:
அறுபது எழுபது என்பதிலேயே கோளாறு இருக்கிறது. நேர்காணல் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 180 சொல் ஓடும். 160 என்று வைத்தால் பத்து நிமிடத்தில் 1,600. அதில் 95 விழுக்காடு தெரிந்த ஆளுக்குக்கூட 80 இடத்தில் கல் தடுக்கும். 98 விழுக்காடு தெரிந்தவருக்கு 32 இடம். பேச்சு ஆங்கிலத்தில் அந்த 98ஐத் தொட 6,000 முதல் 7,000 சொற்குடும்பம் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006ல் கணக்குப் போட்டுக் காட்டினார். டெவலப், டெவலப்பிங், டெவலப்மென்ட் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம்.

ஆகவே தடுக்கிய எல்லாவற்றையும் பொறுக்கினால் மூட்டைதான் கனக்கும். ஒரு நேர்காணலுக்கு 6, மிஞ்சினால் 8. சலிக்கும் விதம் இது: லாங்மேன் இணைய அகராதியில் சொல்லைப் போட்டால் பக்கத்தில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று குறி இருக்கும். பேச்சில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம், இரண்டாம் ஆயிரம், மூன்றாம் ஆயிரம் என்று அர்த்தம். டபிள்யூ குறி எழுத்துக்கு. குறி உள்ள சொல் உங்களுக்குத் தெரியாது என்றால் முதலில் அதை எடுங்கள். குறி இல்லாத சொல்லை, அதே நேர்காணலில் இரண்டு முறை வந்தாலோ வேறொரு நேர்காணலில் மறுபடி தட்டுப்பட்டாலோ மட்டும் எடுங்கள். ஜெரிமேண்டரிங் (கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைப்பது) மாதிரிச் சொல்லுக்கு ஆசைப்பட வேண்டாம். 1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரியின் பெயரையும் சாலமாண்டரையும் ஒட்டிப் பிறந்த சொல், கதை ருசியானது. ஆனால் தொகுதி எல்லை பற்றிய பேச்சைத் தாண்டி அது எங்கும் வராது.

ரீவைண்ட்:
சலிப்பது சரி. ஆனால் பெயர்ச்சொல்லைச் சலித்துக்கொண்டே இருந்தால் நேர்காணல் கேட்டதற்குப் பலன் இல்லை. டாரிஃப், ட்ரீட்டி, இன்ஃப்ளேஷன் எல்லாம் செய்தித்தாளிலேயே கிடைக்கும். நேர்காணலில் மட்டும் கிடைப்பது, மடக்குவதற்கும் நழுவுவதற்கும் பயன்படும் வினைச்சொற்கள்.

நல்ல பாடம் வேண்டுமானால் பிபிசி நியூஸ்நைட்டில் 1997 மே 13 அன்று ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டை எடுத்த நேர்காணலைக் கேளுங்கள். "டிட் யூ த்ரெட்டன் டு ஓவர்ரூல் ஹிம்?" என்ற ஒரே கேள்வி திரும்பத் திரும்ப, பன்னிரண்டு முறை என்று கணக்குச் சொல்வார்கள். விஷயம் சிறைத்துறைத் தலைவரின் முடிவில் அமைச்சர் தலையிட்டாரா என்பது. ஹோவர்டின் பதில்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அவருக்கு உத்தரவிட எனக்கு அதிகாரம் இல்லை, நான் உத்தரவிடவும் இல்லை; நான் அவரை ஓவர்ரூல் செய்யவில்லை.

கேள்வியில் இருப்பது த்ரெட்டன் டு ஓவர்ரூல். பதிலில் இருப்பது ஓவர்ரூல். "மீறிவிடுவேன் என்று மிரட்டினீர்களா" என்றால் "மீறவில்லை" என்கிறார். நடுவிலிருந்த ஒரு வினையை உருவிவிட்டார், அவ்வளவுதான் வித்தை. அந்த இடைவெளி காதில் விழுந்துவிட்டால் ஓவர்ரூல் என்ற சொல் பிறகு மறக்காது. கூடவே பி என்டைட்டில்ட் டு, இன்ஸ்ட்ரக்ட், ஸ்க்ரூபியுலஸ்லி இன் அக்கார்டன்ஸ் வித் எல்லாம் அதே சில நிமிடங்களில் கிடைக்கிறது. கேள்வி மாறாததால் முதல் முறை தவறவிட்டதைப் பத்தாம் முறையாவது பிடித்துவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன.

காதுகுத்தல்:
வரிசை கேட்டிருக்கிறார், யாரும் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர் என்று இருக்கும் நேர்காணலை எடுங்கள். நான்கு பேர் குழு விவாதம் வேண்டவே வேண்டாம். ஒருவர்மேல் ஒருவர் பேசும்போது தாய்மொழிக்காரருக்கே சொல் விழாது. எழுத்துப் படி (பேசியதை அப்படியே எழுதியது) அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் பிபிஎஸ் நியூஸ்அவரும் என்பிஆரும் நேர்காணலோடு சேர்த்தே வெளியிடுகின்றன. அதிலிருந்து 90 விநாடி மட்டும் வெட்டுங்கள். சுமார் 240 சொல் வரும். ஒரு நாள் வேலைக்கு அது போதும். பத்து நிமிடத்தையும் குடைய வேண்டியதில்லை.

முதல் இரண்டு முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். கேள்வி என்ன, பதில் சொன்னாரா நழுவினாரா என்று தமிழில் ஒரே வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் அந்தத் துண்டு இப்போதைக்கு உங்களுக்குக் கடினம், வேறு எடுங்கள். அடுத்து சொல்வதெழுதுதல்: 5 முதல் 7 விநாடித் துண்டாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று முறைக்கு மேல் கேட்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். யூடியூபில் இடது அம்புக்குறி 5 விநாடி பின்னே போகும், ஜே விசை 10 விநாடி.

பிறகுதான் எழுத்துப் படி. கோடு போட்ட இடங்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். ஒன்று, எழுத்தில் பார்த்தும் தெரியாத சொல். இரண்டு, எழுத்தில் பார்த்தால் தெரிகிறது, காதில் விழவில்லை. மூன்று, வேறொரு சொல்லாக விழுந்தது. முதல் வகை மட்டும்தான் சொல்வளப் பிரச்சினை. மற்ற இரண்டும் ஒலிப் பிரச்சினை, அகராதி அதற்கு மருந்து இல்லை. பலர் குறித்துவைக்கும் அறுபதில் பல இந்த இரண்டாம் வகைதான், அவர்களே கவனிப்பதில்லை.

உதாரணம்: ரூல்ட் அவுட். வேகத்தில் அது "ரூல்-டவுட்" என்றுதான் ஒலிக்கும். டவுட் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் வாக்கியம் கையை விட்டுப் போய்விடும். ஷுட் ஹாவ் பீன் "ஷுடபின்" ஆகும். எல்லாவற்றையும்விட ஆபத்து, கேன்–கான்ட். அமெரிக்கப் பேச்சில் "வீ கேன் சப்போர்ட்" என்றால் கேன் சுருங்கி "கன்" ஆகிவிடும், அழுத்தம் சப்போர்ட்டில் விழும். "வீ கேன்ட்" என்றால் உயிரொலி முழுதாக, அழுத்தத்தோடு வரும். கடைசி ட் பெரும்பாலும் கேட்காது. ட் வருகிறதா என்று காத்திருந்தால் ஆதரவும் எதிர்ப்பும் தலைகீழாகப் புரியும். உயிரொலியைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பேச்சில் "கான்ட்" என்று நீள்வதால் இந்தத் தொல்லை இல்லை.

புதுவரவு:
வேகத்தை 0.75 ஆக்கிக் கேட்கலாமா? யூடியூபின் தானியங்கி வசனத்தை நம்பலாமா? எழுத்துப் படி எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லையே.

காதுகுத்தல்:
0.75 பரவாயில்லை, மூன்றாவது முறைக்கு மட்டும். முதலிலேயே மெதுவாக்கினால் காது அந்த வேகத்துக்குப் பழகிவிடும். இன்னொன்று, மெதுவாக்கினால் ஒலி நீளுமே தவிர, பேசியவர் விழுங்கியது திரும்ப வெளியே வராது. 0.5க்குப் போனால் குரலே குழறும். அதைவிட அந்த 3 விநாடியை அதே வேகத்தில் பத்து முறை சுற்றவிடுங்கள்.

தானியங்கி வசனத்தில் யார் பேசுகிறார் என்ற பிரிப்பு இருக்காது, ஆகவே கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொள்ளும். கவுன்சில்–கவுன்சல், பிரின்சிபல்–பிரின்சிபில் மாதிரி ஒரே ஒலிச் சொற்களில் ஏமாறும். பெயர்களில் கண்டிப்பாக ஏமாறும். நேரலைத் தொலைக்காட்சி வசனம் சில விநாடி பின்தங்கி வரும். பிரிட்டனில் அதைப் பெரும்பாலும் ஒருவர் கேட்டுக் கேட்டு கணினிக்குத் திருப்பிச் சொல்லித்தான் எழுதவைக்கிறார்கள். அதனால் விநோதமான பிழைகள் வரும். சிஎன்என் எழுத்துப் படியின் தலையிலேயே இது அவசரப் படி, இறுதி வடிவம் அல்ல என்று போட்டிருப்பார்கள். எந்தப் படியானாலும் காதில் விழுவதும் எழுத்தில் இருப்பதும் ஒட்டவில்லை என்றால் உடனே காதைக் குறை சொல்லாதீர்கள்.

நிறுத்தக்குறி:
சொல் மறப்பதற்கு இன்னொரு காரணம் இந்த இழையில் இன்னும் வரவில்லை: எதிரே எழுதும் தமிழ்ப் பொருள். தமிழ்ச் செய்தியில் "மறுத்தார்" என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள். குற்றச்சாட்டை மறுத்தார் என்றால் டினை. பதில் சொல்ல மறுத்தார் என்றால் ரிஃப்யூஸ், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் டிக்ளைன். கோரிக்கையை ஏற்க மறுத்தார் என்றால் ரிஜெக்ட். ஆதாரத்தோடு பொய் என்று நிறுவினார் என்றால் ரிஃப்யூட். எதிர்வாதம் வைத்தார் என்றால் ரிபட். "அதெல்லாம் ஒரு விஷயமா" என்று ஒதுக்கினார் என்றால் டிஸ்மிஸ். ஆறேழு சொல்லுக்கும் எதிரே "மறுத்தல்" என்று எழுதினால் மனம் எதை எங்கே வைக்கும்?

"ஒப்புக்கொண்டார்" இன்னும் மோசம். அக்ரீ என்றால் உடன்பாடு. அட்மிட் என்றால் தன் தப்பை ஒப்புக்கொள்வது. அக்னாலெட்ஜ் என்றால் அப்படி ஒரு விஷயம் இருப்பதை ஏற்பது, அதில் குற்ற உணர்வு இருக்க வேண்டியதில்லை. கன்சீட் என்றால் அதுவரை பிடிவாதமாக நின்றவர் ஒரு படி இறங்குவது. தேர்தல் தோல்வியை ஏற்பதற்கும் அதுதான் சொல். அமைச்சர் அக்னாலெட்ஜ் என்றுதான் சொல்லியிருப்பார், மறுநாள் எதிர்க்கட்சி "அட்மிட் பண்ணிவிட்டார்" என்று பேசும். சண்டையே அந்த ஒரு வினைமேல்தான் நடக்கும்.

ரிஃப்யூட் பற்றி ஒரு எச்சரிக்கை. பல அரசியல்வாதிகள் "ஐ ரிஃப்யூட் தட்" என்று வெறுமனே மறுப்பதற்கே சொல்கிறார்கள், அகராதிகளும் அந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கின்றன. கேட்கும்போது இரண்டு பொருளுக்கும் தயாராக இருங்கள். நீங்கள் எழுதும்போது ஆதாரம் காட்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அகராதிப்பூச்சி:
//ஆறேழு சொல்லுக்கும்// பிரிப்பு அருமை. ஆனால் இதைப் பட்டியலாக எழுதி ஒரே நாளில் மனப்பாடம் செய்தால் விபரீதம். பொருள் நெருக்கமான புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும், தனித்தனியாகப் படிப்பதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆராய்ச்சியிலும் இது பலமுறை தென்பட்ட விஷயம். டினையும் ரிஃப்யூட்டும் ஒரே நாளில் நுழைந்தால் பிறகு எப்போதும் "இதுவா அதுவா" என்ற தயக்கம்தான் மிஞ்சும்.

நிறுத்தக்குறி:
நியாயம். அப்படியானால் இப்படிச் செய்யலாம்: நேர்காணலில் முதலில் எது வந்ததோ அது மட்டும் உள்ளே போகட்டும், அது வந்த காட்சியோடு. அது தயக்கமில்லாமல் நினைவுக்கு வரும்வரை, இரண்டு மூன்று வாரம் ஆகலாம், குடும்பத்தின் அடுத்த உறுப்பினரைச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது வந்து நிலைத்த பிறகு இரண்டையும் மோதவிடும் நினைவு அட்டை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) ஒன்று போடுங்கள். நான் மேலே எழுதியதை மனப்பாடப் பட்டியலாக எடுக்காதீர்கள், எந்தப் பொந்தில் எது உட்காரும் என்பதற்கான வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி:
எல்லாம் சரி, ஆனால் அரசியல்வாதி பேசும் ஆங்கிலத்தை எதற்குக் கற்க வேண்டும்? அலுவலகத்தில் போய் "லெட் மீ பி அப்சல்யூட்லி கிளியர்" என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். நழுவல் மொழியைப் படித்து நழுவல்தான் வரும்.

ரீவைண்ட்:
பாதி உண்மை. அதனால்தான் அட்டையில் இரண்டு வகை வேண்டும்: கேட்டால் புரிய வேண்டியது, நானே பேச வேண்டியது. "வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்" முதல் வகை. பிரிட்டிஷ் வாயில் அதற்கு "நீ சொல்வது சுத்த அபத்தம்" என்று பொருள். கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். "ஐ டோன்ட் ரெகக்னைஸ் தட் ஃபிகர்" என்பதும் முதல் வகை: அந்த எண்ணிக்கை பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. "மிஸ்டேக்ஸ் வேர் மேட்" கூட அப்படித்தான். அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரி உரையில் ஈரான் விவகாரம் பற்றி இதைச் சொன்னபோது செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் எங்கும் இல்லை. தமிழில் "தப்பு செய்துட்டோம்" என்பதற்குப் பதில் "தப்பு நடந்துடுச்சு" என்போமே, அதே சூட்சுமம். அதை அப்படியே அட்டையில் எழுதினால் இலக்கண விளக்கமே தேவைப்படாது.

பேச எடுத்துக்கொள்ள வேண்டியவை கேள்வி கேட்பவர் பக்கம் இருக்கின்றன. எல்லோரும் விருந்தினர் பேச்சையே பார்க்கிறார்கள். "கேன் ஐ புஷ் யூ ஆன் தட்", "ஆர் யூ சேயிங் தட்", "வாட் யூ செட் வாஸ்", "தட்ஸ் நாட் வாட் ஐ ஆஸ்க்ட்" எல்லாம் எந்தக் கூட்டத்திலும் உதவும், கடைசியில் உள்ளதைக் கொஞ்சம் மென்மையாக்கி. கேள்வியாளர் பேச்சு தெளிவாகவும் இருக்கும், அது அவர் தொழில்.

நிறுத்தக்குறி:
பிரிட்டனா அமெரிக்காவா என்று அட்டையில் கட்டாயம் குறியுங்கள். டேபிள் என்ற வினை பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை விவாதத்துக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் அதைத் தூக்கிக் கிடப்பில் போடுவது. நேர் எதிர். தேர்தலில் போட்டியிடுவது பிரிட்டனில் ஸ்டாண்ட், அமெரிக்காவில் ரன். ஒரே நாட்டுக்குள்ளேயே இரட்டை முகம் காட்டும் சொற்களும் உண்டு: சாங்ஷன் அனுமதியும் ஆகும், தடையும் ஆகும். ஓவர்சைட் மேற்பார்வையும் ஆகும், கவனப்பிசகும் ஆகும். பக்கத்துச் சொல்தான் காட்டிக்கொடுக்கும். "சாங்ஷன்ஸ் ஆன்" என்று வந்தால் தடை. "அன் ஓவர்சைட்" என்று முன்னால் ஒருமை காட்டும் அன் ஒட்டினால் பெரும்பாலும் பிசகு.

புதுவரவு:
நீங்கள் சொன்ன முறையில் ஒரு அட்டை தயாரித்திருக்கிறேன். ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியில் போடலாமா, பார்த்துச் சொல்லுங்கள்.
முன்பக்கம்: ரூல் அவுட்
பின்பக்கம்: நிராகரித்தல். (ரூல் அவ்ட்) உதாரணம்: ஹீ ரூல்ட் அவுட் டு ரெய்ஸ் டாக்ஸஸ்.
ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று வைத்திருக்கிறேன்.

அகராதிப்பூச்சி:
நான்கு திருத்தம்.

பொருள்: நிராகரித்தல் என்றால் ரிஜெக்ட் வந்து உட்காரும். ரூல் அவுட் என்பது "அதற்கு வாய்ப்பே இல்லை என்று கதவைச் சாத்துவது". அதனால்தான் "ஐ'ம் நாட் ரூலிங் இட் அவுட்" என்றதும் செய்தியாகிறது. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

உதாரணம் இலக்கணப்படி தவறு. ரூல் அவுட்டுக்குப் பின் டு வராது. பெயர்ச்சொல் வரலாம், அல்லது இங் வடிவம்: ரூல்ட் அவுட் ரெய்சிங் டாக்ஸஸ். இட் வந்தால் நடுவில் உட்கார வேண்டும்: ரூல் இட் அவுட். ரூல் அவுட் இட் என்று யாரும் சொல்வதில்லை. சொந்தமாக வாக்கியம் கட்டாதீர்கள், நேர்காணலில் வந்ததையே வெட்டிப் போடுங்கள். சந்தேகம் வந்தால் கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் தேடுங்கள். அதன் பேச்சுப் பகுதி முழுக்கத் தொலைக்காட்சி, வானொலி உரையாடல்களின் எழுத்துப் படிகள்தான், நமக்கென்றே செய்ததுபோல. பதிவு செய்தால் இலவசமாகத் தேடலாம்.

முன்பக்கத்தில் வெறும் சொல் வேண்டாம். கோடிட்ட வாக்கியம் வையுங்கள், ஒரு அட்டையில் ஒரே கோடு. வரிச் சண்டை, நிதியமைச்சர், கதவைச் சாத்துகிறார் என்று தமிழில் நாலு சொல் குறிப்பு போதும். பின்பக்கம் முழு வாக்கியம், 4 முதல் 6 விநாடி ஒலித்துண்டு.

20 புதிய அட்டை ஆன்கியின் இயல்பு அமைப்பு, அதை அப்படியே விடாதீர்கள். சில வாரத்தில் தினசரி மறுபார்வை 150, 200 என்று ஏறும், ஒரு நாள் தவறினால் குவியும், அத்தோடு கைவிடுவீர்கள். 5 போதும்.

காதுகுத்தல்:
ஐந்தாவது திருத்தம் என்னுடையது. அடைப்புக்குறிக்குள் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். இந்த இழையில் நாம் தமிழ் எழுத்தில் எழுதுவது வாசிக்க வசதியாக. அட்டையில் அது நஞ்சு. பில் என்று எழுதினால் மசோதாவா மாத்திரையா? பேக் என்றால் ஆதரிப்பதா, மூட்டை கட்டுவதா, பையா? நம் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டையும் காட்டாது, அழுத்தத்தையும் காட்டாது. நேர்காணலில் ப்ரொடெஸ்ட், ரெக்கார்ட், கான்டக்ட் மாதிரி இரட்டைச் சொற்கள் கொட்டிக் கிடக்கும்: பெயர்ச்சொல் என்றால் முதல் அசையில் அழுத்தம், வினை என்றால் இரண்டாம் அசையில். அழுத்தமான அசைக்கு அடியில் ஒரு கோடு இழுங்கள், மிச்சத்தை ஒலித்துண்டு சொல்லும்.

புதுவரவு:
மாற்றிவிட்டேன்.
முன்பக்கம்: தி மினிஸ்டர் ஹாஸ் ____ ____ ரெய்சிங் டாக்ஸஸ். (வரி உயர்வு, கதவைச் சாத்துகிறார்)
பின்பக்கம்: முழு வாக்கியம், ஒலித்துண்டு 5 விநாடி. குறிப்பு: ரூல்-டவுட் என்று ஒட்டி ஒலிக்கும், இட் நடுவில். வகை: கேட்க, பேச இரண்டும்.

நிறுத்தக்குறி:
கோடு இரண்டு இருக்கிறதே என்று அகராதிப்பூச்சி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே வினை, ஒரே நீளக் கோடாகப் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு சொல் என்பதை வைத்தே ஊகித்துவிட்டு, தெரியும் என்று பொத்தானை அழுத்துவீர்கள்.